ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிற நண்பர்

அடையாறில் பெயர்பெற்ற இரண்டு மருத்துவமனைகள், இரண்டு வீடுகளில் விழுந்த சாவிலிருந்து பிறந்தவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். தங்கை துடித்ததைக் கண்ணால் பார்த்த முத்துலட்சுமி விடாமல் அலைந்து, 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்க வைத்தார். இந்திரா நகரில் இருப்பது இரண்டாவது. சாந்தி ரங்கநாதனின் கணவரைக் குடி 1979இல் கொண்டுபோனது. மறு ஆண்டே அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை உருவாயிற்று. ஊர்வாய்க்கு அது டி.டி.கே. மருத்துவமனை.

புற்றுநோய்க்கும் குடிநோய்க்கும் மருந்து வேறு, மருத்துவர் வேறு. ஆனால் இரண்டு இடங்களிலும் ஓ.பி. வரிசையில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒருவர் ஃபைலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், கூட வேலை பார்த்தவராகவோ பக்கத்து ஃபிளாட்காரராகவோ இருக்கலாம். அந்த நாற்காலிவரை நோயாளியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவர் பட்ட பாடு எந்த ஃபைலிலும் ஏறாது.

கடுமையாக நோயுற்ற ஒருவர் ஏன் சிகிச்சையை மறுக்கிறார், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்தால் பலன் உண்டு என்பதை நரம்பியலும் உளவியலும் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவருகின்றன. மறுப்பில் பல ரகம் உண்டு என்பதுதான் அவை முதலில் சொல்வது. உடல் நிலைகுலைந்ததால் வரும் மறுப்பு ஒன்று. மூளை நோயை உணராததால் வருவது இன்னொன்று. பயத்தாலும் வெட்கத்தாலும் வருவது, காசு இல்லாததால் வருவது, நன்றாக யோசித்து முடிவெடுத்து வருவது என்று மற்றவையும் உண்டு. வெளியே கேட்பது ஒரே வாசகம்தான்: எனக்கு ஒண்ணுமில்லை, விடு. எந்த ரகம் என்று தெரியாமல் கையாளும்போதுதான் நல்ல மனசுக்காரர்களும் தோற்கிறார்கள்.

திருவல்லிக்கேணியில் ஓர் இரவு

தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நோயாளி இப்படி மறுத்தவர்தான். பாரதியைக் கோயில் யானை கொன்றது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. 1921இல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே புகுந்து அவரைத் தூக்கி வந்ததும் உண்மை. ஆனால் அந்தக் காயத்திலிருந்து பாரதி தேறிவிட்டார். சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். ஈரோட்டுக்குப் பக்கம் கருங்கல்பாளையம் வரை போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற தலைப்பில் பேசிவிட்டும் வந்தார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டது. ஏற்கெனவே இளைத்திருந்த உடம்பு அதைத் தாங்கவில்லை.

செப்டம்பர் 11 இரவு நண்பர்கள் அவர் வீட்டில் கூடியிருந்தார்கள். பரலி சு. நெல்லையப்பர், நீலகண்ட பிரம்மச்சாரி, லட்சுமண ஐயர் ஆகியோர் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். ஹோமியோபதி மருத்துவர் ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். மருத்துவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்ததும் பாரதிக்குக் கோபம் பொங்கியது. தனக்கு உடம்பு சரியில்லை என்று யார் சொன்னது, இவரை யார் வரச் சொன்னது என்று சீறியதாக நண்பர்களின் நினைவுகள் சொல்கின்றன. மருந்து உள்ளே போகவில்லை. ஆப்கானிஸ்தான் அமீர் அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுதி மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. வயது 38.

அன்றிரவு அவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்று நூறாண்டு கழித்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருந்துகளின் மேலேயே அவநம்பிக்கை இருந்திருக்கலாம்; சாவுக்குப் பணியாத சுபாவமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இன்றைய மருத்துவர் ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். நாள் கணக்கில் வயிற்றுப்போக்கு, நீர் வற்றிய உடம்பு, தளர்ச்சி, ராத்திரியில் திடீர்ச் சீற்றம். இது டெலிரியமா?

டெலிரியம் என்பது உடல் நோயால் மூளை தற்காலிகமாகத் தடுமாறுவது. கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, ஆக்சிஜன் குறைவது, சில மாத்திரைகள் என்று எதுவும் இதைக் கிளப்பிவிடலாம். வயதானவர்களுக்குச் சாதாரண மூத்திரத் தொற்றே போதும். இதற்கு மூன்று அடையாளங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வரும். ஏறி ஏறி இறங்கும். காலையில் பேப்பர் படித்துப் பேசியவர், சாயங்காலம் ஆனதும் மகனையே யார் என்று கேட்பார். கவனம் ஒரு இடத்தில் நிற்காது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் சனி, வெள்ளி என்று தொடங்கி நடுவில் வழி தவறிவிடுவார். இந்த நிலையில் ஒருவர் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. 108க்குப் போன் செய்வதுதான் உதவி. தொற்றோ நீர்க்குறைவோ சரியானால் பெரும்பாலானவர்களுக்குப் புத்தி தெளிந்துவிடும்.

தெரியாது என்பதே தெரியாமல்

1914இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் விசித்திரமான நோயாளிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுக்கச் செயலற்றுப் போனவர்கள் அவர்கள். கை அசையவில்லையே என்றால் அவர்களுக்கு அப்படி ஒரு விஷயமே இல்லை. கையைத் தூக்குங்கள் என்றால், தூக்கிவிட்டதாகவே நினைப்பார்கள். பொய்யும் இல்லை, வீம்பும் இல்லை. தன் உடம்பின் நிலையைக் கண்காணிக்கும் மூளைப் பகுதியே, குறிப்பாக வலது பாதி, அடிபட்டிருக்கிறது. பாபின்ஸ்கி இதற்கு அனசாக்னோசியா என்று பெயரிட்டார். பக்கவாதம் வந்தவர் ஒன்றுமில்லை என்று அடம்பிடிக்கும்போது, பொன்னான முதல் சில மணி நேரம் வாக்குவாதத்தில் போய்விடுவது இதனால்தான்.

மனச்சிதைவு நோயிலும் பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் தங்களுக்கு நோய் இருப்பதை ஒப்புக்கொள்வதில்லை. இதுவும் பாபின்ஸ்கி பார்த்த அதே மூளைக் கோளாறுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நடைமுறையில் விளைவு ஒன்றுதான்: ஆதாரங்களை அடுக்கி வாதாடி அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

இந்த இக்கட்டில் நம் ஊர்க் குடும்பங்கள் என்ன செய்கின்றன? டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர்கள் ஸ்ரீனிவாசனும் தாராவும் அதை ஆராய்ந்து 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். மருந்தை மறுக்கும் நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டிலோ குடிப்பதிலோ மாத்திரையைக் கலந்து கொடுப்பது இங்கே குடும்பங்கள் கையாளும் வழி என்று அது பதிவு செய்தது. வேறு போக்கிடம் இல்லாத அம்மாக்களைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் இந்த வழியில் பள்ளம் இருக்கிறது. சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படும் நோயாளிக்கு ஒருநாள் விஷயம் தெரிந்தால், அந்தச் சந்தேகம் நிரூபணமாகிவிடும். பிறகு மாத்திரையோடு சோறும் நின்றுபோகும்.

சேவியர் அமடோர் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு இது சொந்த வீட்டுச் சங்கதி. அவர் அண்ணனுக்கு மனச்சிதைவு. அண்ணனோடு பல வருடங்கள் சண்டைபோட்டுப் பலன் காணாத அவர், 2000இல் எழுதிய புத்தகத்தில் வேறு பாதையைச் சொன்னார். நோய் உண்டா இல்லையா என்ற வழக்கையே கைவிட்டுவிடுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். அவருக்கு எது கஷ்டமோ அதில் அவரோடு சேருங்கள். ராத்திரி தூக்கமில்லை என்பாரா? அந்தத் தூக்கத்துக்காக மருத்துவரைப் பார்க்கலாம். நோயின் பெயரை ஒப்புக்கொள்ளாமலே ஒருவர் சிகிச்சையை ஏற்கலாம்.

கத்தி பட்டால் பரவும்

புற்றுநோயில் கதை வேறு. மூளை தெளிவாக இருக்கும். காரணங்களும் தெளிவாக இருக்கும். சொல்ல மட்டும் மாட்டார்கள்.

இந்தியாவில் மார்பகப் புற்றுநோயோடு வருகிற பெண்களில் பெரும்பகுதியினர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். தொடக்கத்தில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காதது நோயே இல்லை என்பது நம் வீடுகளின் கணக்கு. அதற்கு மேல் வரிசையாகத் தடைகள். மார்பு என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை. ஊசி குத்தி சதை எடுத்தால் நோய் உடம்பெல்லாம் ஓடிவிடும் என்ற நம்பிக்கை. கத்தி பட்டால் பரவும் என்ற வாசகத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அந்தச் சதைப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி, இல்லாமல் எந்த மருந்து வேலை செய்யும் என்றே முடிவு செய்ய முடியாது. அதைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து அதிகம். ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முற்றிய நிலையில் அறுவைக்குப் போய்ச் சில மாதங்களில் இறந்த அத்தையை ஊரே பார்த்திருக்கிறது. கண்ணால் கண்டதிலிருந்து தவறான காரணத்தை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1955இல் அடையாறு மருத்துவமனையில் சேர்ந்து 2021இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தா, புற்றுநோயைக் காட்டிலும் அதைச் சுற்றியிருக்கும் பயத்தோடு அதிகம் மல்லுக்கட்டியவர்.

காசும் ஒரு காரணம், அதைத்தான் மிகவும் மறைப்பார்கள். நிலத்தை விற்றுப் பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்ற கணக்கைப் பிடிவாதம் என்ற போர்வையில் மூடிக்கொள்வார்கள். இந்த ரக மறுப்பை அறிவுரை கரைக்காது, காகிதம் கரைக்கும். 2009இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு இன்று மத்தியத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தாங்குகிறது. வருமானச் சான்றிதழுக்கு அலைந்து காப்பீட்டு அட்டையை வாங்கி நண்பர் கையில் கொடுப்பவர், பத்து தடவை புத்தி சொன்னவரைவிடப் பெரிய காரியம் செய்தவர்.

சோறும் சானடோரியமும்

நண்பர் சிகிச்சையைத்தான் மறுக்கிறாரா, சிகிச்சையோடு ஒட்டிவரும் வேறெதையோ மறுக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ராமானுஜன் 1917இல் நோய்வாய்ப்பட்டார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. குளிர்காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, இவைதான் சானடோரிய வைத்தியம். ஒன்று மாற்றி ஒன்றாக மருத்துவமனைகளில் இருந்துவிட்டு, டெர்பிஷயரில் மாட்லாக் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் வழிக்கு வராத நோயாளி. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த பேராசிரியர் ஹார்டிக்கு இது பெருங்கவலை. 1918 ஜூனில் இங்கிலாந்தில் வேலை பார்த்துவந்த பொறியாளர் ராமலிங்கம் மாட்லாக் போய் நண்பருடன் தங்கிப் பார்த்துவிட்டு, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியது. சுத்த சைவ உணவுக்காரரான ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணருக்கு அந்தச் சமையலறையில் இறங்கக்கூடிய உணவு எதுவும் இல்லை. நோயாளியின் பிடிவாதத்தையும் ராமலிங்கம் மறைக்கவில்லை. ஆனால் தட்டில் என்ன இருந்தது என்பதையும் அவர் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற நண்பருக்குத்தான் இது தெரியும்.

ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் யங் என்ற ஆய்வாளர் ஆதாரங்களோடு வாதிட்டார். சென்னையில் இருந்த நாட்களில் ராமானுஜனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்திருந்தது அவர் காட்டிய தடயங்களில் ஒன்று. அமீபாவுக்கு எமட்டின் என்ற மருந்து அன்றே இருந்தது. மருத்துவர் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் நோயாளியிடம் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம் என்று சொல்வது, அவர் பிடிவாதத்துக்கு இடம் கொடுப்பது ஆகாது.

அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அங்கே நடந்த ஓர் ஆய்வு உலகக் காசநோய் வைத்தியத்தையே திருப்பிப்போட்டது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியினர் சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில், தங்கள் வீட்டிலேயே, தங்கள் சோற்றைத் தின்றபடி மாத்திரை சாப்பிட்டார்கள். 1959இல் வெளிவந்த முடிவு: குணமாவதில் இரண்டு பிரிவும் ஏறத்தாழ ஒன்று. குடும்பத்தைப் பிரிய மாட்டேன், கூலி வேலையை விட மாட்டேன் என்று சானடோரியத்தை மறுத்துவந்த ஆயிரக்கணக்கானவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்த மையம் இன்னொன்றையும் கண்டுபிடித்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு தலையாட்டிய சிலர் அதை விழுங்கவே இல்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியும், மூத்திரத்தில் மருந்தின் சுவடு இருக்கிறதா என்று சோதித்தும்தான் இது வெளிப்பட்டது. வாயைத் திறந்து மறுப்பவரைவிட, சரி சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே எறிபவரைக் கண்டுபிடிப்பது கடினம். ஒருவர் எதிரே இருக்க மாத்திரை விழுங்கும் முறை உலகெங்கும் பரவியதற்கு இந்தச் சென்னை அனுபவமும் ஒரு காரணம்.

வாதத்தில் ஜெயித்து என்ன பயன்?

2003 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மெதுவாக வளரும் ரகம். உடனே அறுத்தெடுத்தால் நல்ல பலனுக்கு வாய்ப்பு இருந்தது. ஒன்பது மாதம் அவர் அறுவையை மறுத்து, பழச்சாறு, அக்குபங்சர் என்று போனார். அவரைச் சுற்றியிருந்த நண்பர்களில் இன்டெல்லின் ஆண்டி குரோவ் இருந்தார். புற்றுநோய் மருந்துகள் செய்யும் ஜெனன்டெக் நிறுவனத்தின் தலைவர் ஆர்ட் லெவின்சன் இருந்தார். அவர்களுக்குத் தெரியாத விவரமா? கெஞ்சினார்கள், வாதாடினார்கள். ஜாப்ஸ் அசையவில்லை.

விவரக் குறைவால் வரும் மறுப்பு மிகக் குறைவுதான். தன் சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றியவுடன் மனிதர்கள் எதிர்த்திசையில் உறுதிப்படுகிறார்கள் என்பதை 1966இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் கோட்பாடாக வடித்தார். தள்ளுகிற கை பலமானால் எதிர்ப்பும் பலமாகும். குடிநோயாளிகளிடம் வேலை செய்த வில்லியம் மில்லர் 1983இல் இதைத் தலைகீழாகத் திருப்பினார். மாற வேண்டியதற்கான காரணங்களை ஆலோசகர் பேசப் பேச, நோயாளி மாறாமல் இருப்பதற்கான காரணங்களைப் பேசுகிறார். ஆகவே அந்தக் காரணங்களை நோயாளியின் வாயாலேயே வரவைக்க வேண்டும்.

சாஸ்திரி நகரில் வசிக்கும் இரண்டு ஓய்வுபெற்ற நண்பர்களை வைத்து இதைப் பார்க்கலாம். கற்பனைதான், ஆனால் இந்த ஊரில் தினமும் எங்காவது நடப்பது. ஒருவருக்கு இருபது வருடச் சர்க்கரை. கால் புண் ஆறவில்லை. மற்றவர் வழக்கமாகச் சொல்வது இது:

“எத்தனை தடவைடா சொல்றது? இப்படியே விட்டா காலை எடுத்துடுவாங்க. பேரன் பேத்தியை நினைச்சுப் பாரு.”

“ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் எடுப்பாங்க. வலியே இல்லை, விடு.”

வலி இல்லை என்பது உண்மைதான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுத்துவிடுவதால், ஆணி குத்தினாலும் தெரியாது. உடம்பு அனுப்ப வேண்டிய தகவல் மூளைக்குப் போய்ச் சேராத நிலையில், அந்த மனிதர் தனக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் பேசுகிறார். இதே பேச்சு வேறு மாதிரி போகலாம்:

“வலி இல்லைங்கறே. ஆனா சாக்ஸை மட்டும் தினம் மாத்தறியே?”

“நீர் வடியுதுடா. நாத்தம் வேற. பேத்தி மடியில வந்து உக்கார மாட்டேங்கறா.”

“அது உனக்குக் கஷ்டமா இருக்கு.”

“இருக்காதா பின்னே?”

“ஆஸ்பத்திரின்னா எதுக்குடா இவ்வளவு யோசிக்கறே?”

“பெரியப்பாவைப் பார்த்தவன்டா நான். விரல்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க.”

“சரி. புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட மட்டும் போவோம். நானும் கூட வரேன். வேற ஏதாவது சொன்னா வெளியில வந்து யோசிச்சுக்கலாம்.”

“இன்னிக்கு வேண்டாம். நாளைக்குக் காலம்பற வா.”

முதல் பேச்சில் பயமுறுத்தல் இருந்தது. இரண்டாவதில் பெரியப்பா வெளியே வந்தார், பேத்தியும் வந்தாள். கேட்டது சின்னது, திரும்பி வரும் உரிமை நோயாளியிடமே இருந்தது. நாளை காலைவரை பொறுக்கலாம். ஆனால் காய்ச்சலோ கால் கறுத்துப்போவதோ சேர்ந்துகொண்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

இந்த மென்மை வெறும் நல்லெண்ணமா, உண்மையிலேயே வேலை செய்கிறதா? அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. சிகிச்சையை மறுக்கும் குடிநோயாளிகளைப் பற்றிக் கவலைப்பட்டு உதவி கேட்டு வந்த 130 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு ஆல்-அனான் எனும் குடும்பத்தார் சங்கத்தின் வழிமுறை. இரண்டாம் குழு, உறவினர்களைத் திரட்டி நோயாளியை உட்கார வைத்து நேருக்கு நேர் மோதுவதற்குப் பயிற்சி பெற்றது. மூன்றாம் குழு, நோயாளி குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடியின் விளைவுகளைத் துடைத்து மறைக்காமல் விடுவது, அவரே நொந்துகொள்ளும் தருணம் பார்த்துச் சிகிச்சையைப் பேசுவது ஆகியவற்றைக் கற்றது. முதல் குழுவில் 13 சதவீதம், இரண்டாவதில் 30 சதவீதம், மூன்றாவதில் 64 சதவீத நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். ஆல்-அனான் சங்கத்தின் நோக்கமே குடும்பத்தாரின் நிம்மதிதான், நோயாளியைக் கூட்டிவருவது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோதல் குழுவில் பலர் அந்தக் கூட்டத்தை நடத்தவே துணியவில்லை.

குடிநோய் நோயாளியோடு நிற்பதில்லை, குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்பது இந்திரா நகர் மருத்துவமனையின் தொடக்ககால நிலைப்பாடுகளில் ஒன்று. அங்கே குடும்பத்தாருக்குத் தனி வகுப்புகள் உண்டு. குடித்துவிட்டு வேலைக்குப் போகாத கணவருக்காக ஆபீசுக்குப் போன் செய்து வைரல் காய்ச்சல் என்று சொல்லும் மனைவி, அன்பினால்தான் அதைச் செய்கிறார். அந்தப் போன் அழைப்பு இன்னொரு வருடக் குடியைச் சாத்தியமாக்குகிறது.

வேண்டாம் என்று சொல்ல உரிமை

எல்லா மறுப்பும் திருத்தப்பட வேண்டியதும் அல்ல. மூன்று தடவை கீமோ எடுத்துக்கொண்டு, நான்காவது வேண்டாம், வீட்டில் இருக்கிறேன் என்று எழுபது வயதுக்காரர் சொன்னால், அதில் குழப்பம் எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

வேறுபடுத்திப் பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அப்பெல்பாம், கிரிசோ என்ற இருவர் 1988இல் வகுத்தது. உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது. சொன்ன விவரம் புரிந்ததா? அது தனக்குப் பொருந்தும் என்று உணர்கிறாரா? வழிகளை ஒப்பிட்டுக் காரணம் சொல்ல முடிகிறதா? ஒரு முடிவைச் சொல்லி, அதிலேயே நிற்கிறாரா? நான்கும் இருந்தால், முடிவு மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அது அவருடையது. மனத்தெளிவுள்ள வயதுவந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கடும் மனச்சோர்வில் இந்த அளவுகோல் ஏமாற்றும். புரிதல் எல்லாம் சரியாக இருக்கும், வாழ ஆசை மட்டும் இருக்காது. அதனால் அந்தச் சந்தேகம் வந்தால் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கீமோவை மறுத்தவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டதாகப் பொருள் இல்லை. வலிக்கு மார்ஃபின், மூச்சுத்திணறலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, இவையெல்லாம் வலிதணிப்பு மருத்துவம். சட்டக் கெடுபிடியால் இந்தியாவில் நோயாளிகளுக்கு எட்டாமல் இருந்த மார்ஃபின், 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஓரளவு கைக்கு வந்திருக்கிறது.

மனநோயில் வலுக்கட்டாயம் எதுவரை போகலாம் என்பதை 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில் நாடு பார்த்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரை, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்துச் சொன்ன பிறகு 30 நாள்வரை சேர்க்க அது வழி வைத்திருக்கிறது. அவசரத்துக்கு எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரலாம். எங்கே கேட்பது என்று தெரியாதவர்களுக்கு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. தூக்கம் கெட்டுச் சோர்ந்துபோன நண்பரும் தனக்காகவே அழைக்கலாம்.

இதே சட்டத்தின் 14ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வயதுவந்த எவரும், தனக்கு மனநோய் வந்து முடிவெடுக்க முடியாமல் போனால் தன் சார்பில் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்து வைக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பிறகு மனம் மாறினால் வேறொருவரை எழுதலாம். நியமிக்கப்படுகிறவர் வயதுவந்தவராக, பொறுப்பை ஏற்கச் சம்மதித்தவராக இருக்க வேண்டும். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உடல் நோய்க்கான முன்விருப்ப உயில், 2023இல் உச்ச நீதிமன்றம் விதிகளைத் தளர்த்திய பின், இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியோ சான்றளித்தால் செல்லும். இரண்டையும் எழுத ஏற்ற காலம், நண்பர்கள் இருவரும் நன்றாக இருக்கும்போதுதான்.